மாற்று இறைச்சியும் முழு உணவும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது கோவிந்தாபுரம். கிழக்கே பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகள். மேற்கே முதலமடையின் மாந்தோப்புகள். தெற்கே ஆனைமலைத் தொடரின் காடுகள். இரண்டு மொழிகள் கலந்து பேசப்படும் இந்த எல்லைப்புறத்தில், அடுப்பிலும் இரண்டு நாட்டுச் சமையல்கள் கலந்தே வேகின்றன. பலா பிஞ்சு விடும் பருவத்தில், முற்றாத பலாக்காயைத் தோல் சீவி, வேகவைத்து, இடித்து, தேங்காயும் கறிவேப்பிலையும் சேர்த்துத் துவட்டுவார்கள். பாலக்காட்டுச் சமவெளி முதல் இடுக்கி மலைச்சரிவுகள் வரை 'இடிச்சக்கை' என்ற பெயரால் இது அறியப்படுகிறது. வெந்த பிஞ்சுப் பலா நார் நாராகப் பிரியும். மெல்லும்போது ஊனுணவை நினைவூட்டும். வங்காளிகள் பலாக்காயை 'மரத்தில் காய்க்கும் ஆடு' என்ற பொருள்படும் பெயரால் அழைப்பதும் இதனால்தான்.

இதே பிஞ்சுப் பலா இன்று உப்புநீரில் ஊறி, டப்பாக்களில் அடைபட்டு, மேலைநாட்டுக் கடைகளில் 'இறைச்சிக்கு மாற்று' என்று விற்கப்படுகிறது. நம் பெருநகரக் கடைகளின் குளிர்பெட்டிகளிலோ, தாவரப் பொருள்களால் செய்யப்பட்ட 'கோழித் துண்டுகள்', 'கீமா', 'கபாப்' ஆகியவை அடுக்கப்பட்டிருக்கின்றன. உயிர்க்கொலையைத் தவிர்க்க விரும்பும் ஒருவர் இவற்றின் முன் நிற்கும்போது சில கேள்விகள் எழுகின்றன. இவை நல்ல உணவா? பருப்பும் பயறும் காயும் கீரையும் கொண்ட பழைய உணவைவிட மேலானவையா, தாழ்ந்தவையா? உயிர் கொல்லாமை என்ற நோக்கம் நிறைவேறிவிட்டால், உண்பது எதுவாயினும் சரிதானா? இக்கேள்விகளை உடலின் நோக்கிலும் உள்ளத்தின் நோக்கிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால் துறந்த உணவுநெறி

ஊனை மட்டுமின்றிப் பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கும் உணவுநெறிக்கு 'வீகன்' என்ற பெயர் 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உண்டாயிற்று. டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் அவ்வாண்டில் இதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். தமிழில் இதனை 'நனிசைவம்' என்று அழைக்கின்றனர். இந்தியாவில் இத்தகைய உணவுகளுக்கென உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022ஆம் ஆண்டில் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றுக்கான தனி முத்திரையும் வழக்கிற்கு வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. உணவுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி, பொருள் மரக்கறி உணவு என்பதை மட்டுமே காட்டுகிறது. அதில் பாலும் பாற்புரதமும் இருக்கலாம். பாலையும் விலக்க விரும்புவோர் நனிசைவ முத்திரையையும், பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள பொருட்பட்டியலையும் பார்க்க வேண்டும்.

பெயர் புதியதாயினும், பால் துறக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. அதில் தம் உடலையே சோதனைக்களமாக ஆக்கியவர் மகாத்மா காந்தி. 1912ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், தம் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து அவர் பாலைக் கைவிட்டார். புலனடக்கம் ஒரு காரணம். பாலைக் கடைசித் துளிவரை கறப்பதற்காகப் பசுக்களும் எருமைகளும் கொடுமைப்படுத்தப்படுவதைப் படித்தறிந்தது மற்றொரு காரணம். இந்தியா திரும்பிய பின்னரும் அவர் இந்த விரதத்தைக் காத்தார்.

1918ஆம் ஆண்டில் கேடா மாவட்டத்தில் ஓய்வின்றிச் சுற்றியபோது அவருடைய உணவு பெரும்பாலும் அரைத்த நிலக்கடலையும் எலுமிச்சையுமாகவே இருந்தது. அதையும் அளவு மீறி உண்டுவிட்டதாகப் பின்னர் அவரே எழுதினார். கடுமையான வயிற்றுப்போக்கு அவரை மரணத்தின் வாயில்வரை கொண்டு சென்றது. உடல் தேறுவதற்குப் பால் இன்றியமையாதது என்று மருத்துவர் வற்புறுத்தினார். விரதம் எடுத்தபோது எண்ணத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூரிபா எடுத்துரைத்தார். காந்தி இணங்கினார். ஆயினும் விரதத்தின் சொல் காக்கப்பட்டது, அதன் உயிர் காக்கப்படவில்லை என்ற வேதனை அவரை விட்டு நீங்கவே இல்லை. பாலுக்கு நிகரான தாவர உணவை அனுபவத்தில் கண்டவர் எவரேனும் இருந்தால் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 'சத்திய சோதனை'யில் அவர் வேண்டிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைத் தருகிறது. நோக்கம் எவ்வளவு தூயதாயினும் உடல் தன் நியதியை விட்டுக்கொடுப்பதில்லை என்பது முதற்பாடம். முழு உணவாயினும் ஒன்றிரண்டு பொருள்களை மட்டுமே நம்பி வாழ இயலாது என்பது இரண்டாவது. நிலக்கடலை சத்தானதுதான், ஆனால் அது மட்டுமே உணவாகிவிடாது. ஒரு விரதம் தவறிவிடுவது அதனை மேற்கொண்டவரோடு முடிவதில்லை. சுற்றியிருப்போர், 'இந்த நெறியே நடைமுறைக்கு ஒவ்வாதது' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். எனவே நனிசைவத்தை நாடுவோர் உணவின் இயல்பை அறிந்துகொள்வது அவர்களுடைய நெறிக்கே செய்யும் தொண்டாகும்.

ஓர் அவரையின் பயணம்

மாற்று இறைச்சியைப் புரிந்துகொள்ளச் சோயா அவரையின் பயணத்தைப் பின்தொடர்வதே எளிய வழி. இந்த அவரையைக் காந்தியும் நன்கு அறிந்திருந்தார். 1934ஆம் ஆண்டில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் தோன்றியது. அதன் பொறுப்பை ஏற்று நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், வெல்லம் ஆகியவற்றின் மேன்மையை அச்சங்கம் நாடெங்கும் எடுத்துரைத்தது. 1935ஆம் ஆண்டில் வார்தாவின் மகன்வாடியில் இருந்தவர்கள் சோயாவைத் தங்கள் உணவில் சேர்த்துச் சோதித்தனர். அவர்கள் உண்டது முழு அவரையை.

அவரையை ஊறவைத்து வேகவைத்தால் அது முழு உணவு. அதன் புரதம், எண்ணெய், நார்ப்பொருள், தாதுக்கள் அனைத்தும் அதிலேயே இருக்கின்றன. அரைத்துப் பாலெடுத்து, அப்பாலைத் திரித்துப் பிழிந்தால் கிடைப்பது சோயாப் பாலாடைக்கட்டி. டோஃபு என்று இது அழைக்கப்படுகிறது. நார்ப்பொருளில் பெரும்பகுதி இதில் நீங்கிவிடுகிறது. எனினும் இது எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்யக்கூடியது. சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக வழங்கிவருவது.

அடுத்த நிலை, தமிழகத்தில் 'மீல் மேக்கர்' என்றும் இலங்கையில் 'சோயா மீட்' என்றும் வழங்கும் சோயா உருண்டை. ஆலையில் கரைப்பானைக் கொண்டு அவரையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மாவே இதன் மூலப்பொருள். அம்மாவை ஈரமாக்கி, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு துளையின் வழியே பிதுக்குகின்றனர். முறுக்கு அச்சைப் பன்மடங்கு வலிமையுடன் கற்பனை செய்துகொண்டால் இந்த இயந்திரம் விளங்கும். வெளியே வந்ததும் மாவு பொங்கிப் பஞ்சுபோல் ஆகிறது. மெல்லுவதற்கு இறைச்சியின் நார்போல் இருக்கிறது. உலர்ந்த உருண்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். இதனுடன் வேறு பொருள் எதையும் சேர்க்காதவரை இது எளிய பொருளே.

கடைசி நிலையில்தான் இன்றைய குளிர்பெட்டிப் பொருள்கள் வருகின்றன. சோயா அல்லது பட்டாணியிலிருந்து புரதத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கின்றனர். அதனுடன் தேங்காயெண்ணெய் போன்ற கொழுப்பு, ஒட்டுவதற்கான பசைப்பொருள், மாவுச்சத்து, மணமூட்டி, உப்பு ஆகியவற்றைக் கூட்டுகின்றனர். குருதியின் நிறம் வேண்டும் என்பதற்காகப் பீட்ரூட் சாற்றைச் சேர்ப்பதும் உண்டு. 2009ஆம் ஆண்டில் தொடங்கிய 'பியாண்டு மீட்', 2011ஆம் ஆண்டில் தொடங்கிய 'இம்பாசிபிள் ஃபுட்ஸ்' ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இந்தக் கலையை வெகுதூரம் கொண்டு சென்றன. இரண்டாவது நிறுவனம், சோயாவின் வேர்முடிச்சில் காணப்படும் செந்நிறப் புரதத்தை மரபணு மாற்றிய ஈஸ்டின் துணையால் உண்டாக்கிச் சேர்த்தது. வெட்டினால் சிவந்த சாறு கசியும். சுட்டால் இறைச்சியின் மணம் எழும்.

பதப்படுத்துவது எல்லாமே தீமை என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. ஊறவைத்தல், அரைத்தல், புளிக்கவைத்தல், வறுத்தல் யாவும் பதப்படுத்தும் முறைகளே. நெல்லைப் புழுக்கி அரிசியாக்கும்போது அதன் தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 ஓரளவு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டும்போது முழுவதும் இழக்கப்படுவதில்லை. பச்சரிசியை வெண்மையாகத் தீட்டித் தீட்டி உண்டவர்களைத்தான் பெரிபெரி என்னும் நோய் பெரிதும் வாட்டியது. அந்நோயை ஆராய 1918ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வகமே, 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாறி, 1969ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. செந்தவிட்டோடு கூடிய பாலக்காட்டு மட்டை அரிசி, நல்ல பதப்படுத்தலுக்குக் கண்ணெதிரே உள்ள சான்று. ஆகவே கேட்க வேண்டியது, 'இது பதப்படுத்தப்பட்டதா?' என்பதன்று, 'பதப்படுத்தியபோது எது நீங்கியது, எது சேர்ந்தது?' என்பதே.

ஆய்வுகள் கூறுவது

உணவுகளை அவை பதப்படுத்தப்பட்ட அளவைக்கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கும் 'நோவா' முறையை, பிரேசில் நாட்டின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோ 2009ஆம் ஆண்டில் முன்வைத்தார். நான்காம் வகை, மிகத் தீவிரமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு. வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள்கள் அதில் இடம்பெறுகின்றன. குளிர்பெட்டி மாற்று இறைச்சிகள் பெரும்பாலும் இவ்வகையில் அடங்கும்.

2019ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 20 பேருக்கு இரண்டு வாரம் தீவிரமாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் எளிய முழு உணவும் அளிக்கப்பட்டன. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஆகியவை இருவகை உணவிலும் ஒத்திருக்குமாறு பரிமாறப்பட்டன. விருப்பம்போல் உண்ணலாம் என்று கூறப்பட்டிருந்தது. பதப்படுத்திய உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டனர்; எடையும் கூடினர். போதும் என்ற உணர்வு எழுவதற்கு முன்பே வாய் உண்டு முடித்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் காண வேண்டும். 2020ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 36 பேரிடம் நடத்திய ஆய்வில், எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் தாவர மாற்று இறைச்சியும் உண்ணச் செய்தனர். மாற்று இறைச்சியை உண்ட காலத்தில் தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைந்தது, இதயநோயோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் ஒரு வேதிப்பொருளும் குருதியில் குறைந்தது. இந்த ஆய்வுக்கு அப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே நிதி வழங்கியது என்பதையும் உடன் நினைக்க வேண்டும். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு, எளிய தாவர உணவு மிகுந்தவர்களுக்கு இதயநோய் குறைவாகவும், தீவிரமாகப் பதப்படுத்திய தாவர உணவு மிகுந்தவர்களுக்கு அது அதிகமாகவும் இருந்ததைக் காட்டியது. ஆனால் அந்த இரண்டாம் பட்டியலில் பெரும்பகுதி ரொட்டி, இனிப்புப் பண்டம், பானம் முதலியவையே. மாற்று இறைச்சியின் பங்கு மிகச் சிறியது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் நடுநிலையான ஒரு முடிவு கிடைக்கிறது. இறைச்சியோடு ஒப்பிட்டால் மாற்று இறைச்சி தாழ்ந்ததன்று, சிலவற்றில் மேலானது. பருப்போடும் பயறோடும் ஒப்பிட்டால் அது அவற்றின் இடத்தைப் பெறத் தகுதியுடையதன்று. இத்தகைய பொருளின் ஒரு துண்டில் சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கிறது. கூடவே 350 முதல் 400 மில்லிகிராம் சோடியமும் வருகிறது. ஒரு நாளைக்குச் சோடியம் 2 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே ஒரே துண்டில் அந்நாளுக்குரியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. தீவிரமாகப் பதப்படுத்திய உணவைக் குறைக்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளில் அறிவுறுத்தியுள்ளது.

ஆகார சுத்தி

உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற கருத்து சாந்தோக்கிய உபநிடதத்தில் காணப்படுகிறது. அங்குள்ள 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இருவர் இருவேறு விளக்கம் தந்துள்ளனர். புலன்கள் வழியே உள்ளே சேர்க்கப்படும் அனைத்தும் ஆகாரம் என்பது சங்கரரின் விளக்கம். கண் காண்பதும் செவி கேட்பதும் நாக்கு சுவைப்பதும் அதில் அடங்கும். உண்ணும் உணவே ஆகாரம் என்று கொண்டவர் ராமானுஜர். அவர் உணவுக்கு மூன்று குற்றங்களைச் சுட்டுகிறார். பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதி தோஷம். அளிப்பவரின் தன்மையால் வருவது ஆசிரய தோஷம். தூசி, மயிர் போன்ற வேற்றுப்பொருள் கலப்பதால் வருவது நிமித்த தோஷம்.

இந்த மூன்று அளவைகளும் மாற்று இறைச்சியை ஆராய வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. ஜாதியால் அது குற்றமற்றது. அதற்காக எந்த விலங்கும் வெட்டப்படவில்லை. இந்த உண்மையை மறைப்பது நீதியாகாது. ஆசிரயத்தை நோக்கினால், அதனை ஆக்குபவர் எண்ணுவது உண்பவரின் நலனையா, மீண்டும் மீண்டும் வாங்கத் தூண்டும் சுவையையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் சோறு வடிப்பவர், உண்பவர் அளவோடு உண்டு நலமாக இருக்க வேண்டும் என்று எண்ணுகிறார். விற்பனைக்கென்றே ஆக்கப்படும் பண்டத்தின் நோக்கம் பெரும்பாலும் வேறு. நிமித்தத்தை நோக்கினால், மிகை உப்பும் செயற்கை மணமும் நிறமும் இக்காலத்துத் தூசி என்றே கொள்ளத்தக்கவை.

சங்கரரின் விளக்கம் இன்னும் நுட்பமான இடத்தைத் தொடுகிறது. ஒருவர் உண்பது பட்டாணிப் புரதமே. ஆனால் கண் காண்பது குருதி கசியும் ஊன், மூக்கு முகர்வது சுட்ட இறைச்சியின் மணம், நாக்கு நினைப்பது பழைய சுவை. வயிற்றுக்குள் செல்வது தாவரம்; மனத்துக்குள் செல்வதோ ஊனின் பிம்பம். கொலை நீங்கிவிட்டது, வாசனை நீங்கவில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் உணவு மூவகையாகப் பிரிக்கப்படும் இடத்தில் ஊன், மரக்கறி என்ற பிரிவே பேசப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயுளையும் தெளிவையும் வலிமையையும் வளர்ப்பது எது, மிகை உப்பாலும் காரத்தாலும் துன்பம் தருவது எது, சமைத்து நெடுநேரம் கடந்து சுவை கெட்டது எது என்று விளைவைக் கொண்டே அங்கு உணவு அளக்கப்படுகிறது.

யாருக்கு எது?

அப்படியானால் மாற்று இறைச்சியை முற்றிலும் விலக்க வேண்டுமா? நம் மரபில் இதற்கு விடையாக 'அதிகாரி பேதம்' என்ற கோட்பாடு இருக்கிறது. சாதகர்களின் நிலை வேறுபடுவதால் அவரவர்க்கு உரிய சாதனமும் வேறுபடும் என்பது அதன் பொருள்.

ஊனுணவிலேயே வளர்ந்து, இரக்கத்தால் அதனை விட முனையும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விருந்திலும் விழாவிலும் அந்தச் சுவை அவரை அழைக்கிறது. வீட்டாரோ அவருக்காகத் தனியே சமைக்க மனமின்றி இருக்கின்றனர். அத்தகையவருக்கு மாற்று இறைச்சி ஒரு ஊன்றுகோல். சீனத்துப் பௌத்த மடங்களில் சோயாவையும் கோதுமைப் புரதத்தையும் கொண்டு ஊன்போல் தோன்றும் உணவுகளைச் செய்யும் கலை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வளர்ந்தது. ஊனுணவுக்குப் பழகிய விருந்தினர் மடத்தில் உண்ணும்போது முகம் சுளிக்கக் கூடாது என்ற கனிவு அதற்குள் இருந்தது. அக்கனிவைப் பழிப்பதற்கில்லை.

பிறப்பிலிருந்தே மரக்கறி உண்டவருக்கு இந்த ஊன்றுகோல் தேவையில்லை. கால் நன்றாக இருப்பவர் ஊன்றுகோலைப் பழகினால் நடை கெடும். இதுவரை இல்லாத ஒரு சுவை நாட்டத்தை அவருடைய வீட்டுக் குழந்தைகளிடம் இது புதிதாக விதைக்கவும் கூடும். ஊனுணவை விட்டவருங்கூட, கால் தேறியபின் ஊன்றுகோலை வைத்துவிட வேண்டும்.

சரியான மாற்று எது?

முழு உணவை மட்டும் கொண்டு நனிசைவர் ஒருவர் நலமாக வாழ இயலுமா? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 கலோரி கொண்ட உணவுத்தட்டில் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், கொட்டையும் எண்ணெய் வித்தும் 35 கிராம் என்று வகுத்துள்ளது. பழமும் பாலும் தனி. இவற்றின் புரதத்தைக் கணக்கிட்டால் தானியத்தில் சுமார் 22 கிராம், பருப்பில் 19, கொட்டையில் 8, காய்கறியில் 8 என ஏறத்தாழ 57 கிராம் வருகிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்நிறுவனம் பரிந்துரைப்பது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். பாலால் வரும் புரதத்தை இழப்பவர் மேலும் ஒரு கைப்பிடிப் பயறைச் சேர்த்துக்கொண்டால் போதுமானது. தாவரப் புரதத்தில் சிறுபகுதி செரியாமல் போகும் குறையையும் அது ஈடுசெய்யும். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு; பருப்பில் அது நிறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்த பழைய கூட்டணியின் நுட்பம் இதுதான்.

இங்கே இடிச்சக்கையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்த பின்னர் அதன் புகழ் மேலும் பரவியது. 'இறைச்சிக்கு இயற்கை தந்த மாற்று' என்ற பேச்சும் பரவியது. தோற்றத்திலும் மெல்லும் தன்மையிலும் அது உண்மை. ஆனால் 100 கிராம் பிஞ்சுப் பலாவில் உள்ள புரதம் ஏறத்தாழ 3 கிராமே. அதே எடையுள்ள வேகாத துவரம்பருப்பில் இருப்பதோ சுமார் 22 கிராம். பலா நல்ல காய், நார்ப்பொருள் மிகுந்தது, ஆனால் புரதத்திற்கு அதை நம்பக் கூடாது. பாலக்காட்டு அடுக்களைகள் இதைச் சொல்லாமலே அறிந்திருந்தன. அங்கே இடிச்சக்கைத் துவட்டல் தொட்டுக்கொள்ளும் கறியாகவே இருக்கிறது. சோற்றில் பிசைந்து உண்ணப்படுவது பருப்பும் தேங்காயும் சேர்ந்த மொளகூட்டல்.

அந்த அடுக்களையிலேயே பால் கலவாத முழு உணவுகள் பல உள்ளன. பூசணிக்காயும் வன்பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஓலன், கஞ்சியும் பயறும், புட்டும் கடலையும், இட்லியும் சாம்பாரும் ஆகியவற்றில் பால் இல்லை. அவியலுக்குத் தயிருக்கு மாறாக மாங்காயைச் சேர்ப்பது திருவிதாங்கூர்ப் பகுதியின் பழைய வழக்கம். முதலமடையின் மாந்தோப்புகளுக்கு அருகில் வாழ்வோர்க்கு அது அரிதன்று. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். ஒரு நாளின் தேவையான 1,000 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு அது. எள்ளும் முருங்கைக்கீரையும் மீதியை நிரப்பத் துணைசெய்யும். இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றை உணவோடு சேர்ப்பதும், காபி, தேநீரை உணவு வேளையிலிருந்து விலக்கிவைப்பதும் நல்லது.

ஒன்றை மட்டும் எந்த முழுத் தாவர உணவும் நம்பத்தக்க அளவில் தருவதில்லை. அது வைட்டமின் பி12. நுண்ணுயிர்களே அதனை ஆக்குகின்றன. மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிரும் அதனை ஓரளவு அளிக்கின்றன. அவற்றையும் துறந்தவருக்கு அந்த வாயிலும் அடைபடுகிறது. இட்லி மாவின் புளிப்பிலேயே அது கிடைத்துவிடும் என்று நம்பியிருப்பது ஆபத்து. கல்லீரலில் உள்ள சேமிப்பு தீரச் சில ஆண்டுகள் ஆவதால் குறை உடனே தெரிவதில்லை. பின்னர் களைப்பு, கைகால் மரமரப்பு, மறதி, குருதிச்சோகை எனத் தோன்றி, கவனியாது விட்டால் நரம்புகளுக்கு மீளாத் தீங்கு விளையக்கூடும். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இது இன்னும் முக்கியம். எனவே பால் துறந்தவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி பி12 மாத்திரையையோ, அது சேர்க்கப்பட்ட உணவையோ தவறாமல் கொள்ள வேண்டும். அந்த மருந்து நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறப்படுவது. எந்த உயிரையும் வதைத்து எடுப்பதன்று. எனவே அதனை ஏற்பதால் விரதத்துக்குக் குறைவில்லை.

பி12 முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது 1948ஆம் ஆண்டில். காந்தி மறைந்த அதே ஆண்டில். பாலின்றி வாழ வழி தேடிய அவருடைய வேண்டுகோளுக்கு விடையின் ஒரு பகுதி அவர் மறைந்த பின்னரே உலகுக்குக் கிடைத்தது. அவருக்குக் கிட்டாத அந்த அறிவு இன்று எளிய மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. அதனைப் புறக்கணித்துவிட்டு உடல் நலிவதைத் தவம் என்று எண்ணுவது அறியாமையே.

பயிற்சிக்கு

1. வாரத்தின் 21 வேளை உணவில் எத்தனை வேளை பருப்போ பயறோ இலையில் இருந்தது என்று எண்ணிப் பார்க்கவும். பெரும்பாலான வேளைகளில் அது இருக்குமாறு செய்துகொள்ளவும்.

2. பொட்டலத்தில் வரும் பொருளை வாங்குமுன் பொருட்பட்டியலையும் சோடியத்தின் அளவையும் படிக்கவும். வீட்டு அடுக்களையில் இல்லாத பெயர்கள் மிகுந்திருந்தால் அதனை அன்றாட உணவாக ஆக்காதிருக்கவும்.

3. மாற்று இறைச்சியை விரும்பும்போது, 'இதனை நாடுவது பசியா, பழைய சுவையின் நினைவா?' என்று ஒரு கணம் கவனிக்கவும். நினைவாயின் தன்னைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அறிந்துகொண்டாலே அதன் பிடி தளரத் தொடங்கும்.

4. வீட்டில் ஒருவர் ஊனை விட முயன்றால் அவருடைய ஊன்றுகோலைக் கேலி செய்யாமல், சுவையான பயறுக் கறி ஒன்றை அவருடைய இலையில் பரிமாறவும்.

5. பாலையும் விட்டவர்கள் பி12 அளவை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளவும்.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரத்தையும், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதை வலியுறுத்தும் மருந்து என்ற அதிகாரத்தையும் தனித்தனியே வைத்தார். முதலாவது பிற உயிரின்பால் காட்டும் அருள். இரண்டாவது இந்த உடலின்பால் காட்டும் பொறுப்பு. கொல்லாமையை ஏற்ற ஒருவர் தம் உடலையும் அந்த அருளின் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்போது அவருடைய விரதம் நிலைபெறும். அதற்கு வேண்டியவை எல்லைப்புற ஊரின் மளிகைக் கடையிலும் கிடைக்கக்கூடிய அரிசி, பருப்பு, பயறு, எள், கேழ்வரகு; தோட்டத்துக் கீரையும் காயும்; மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. இவற்றோடு விழிப்பும் சேர்ந்தால் போதும்.